துக்க வீட்டுக்குள் போன கிறிஸ்துமஸ் தாத்தா

அன்புள்ள ஜோசுவா, என் குறும்புகளில் சரிபாதிக்குச் சொந்தக்காரனே,

நீ இருக்கும் இடத்தில் லைன் கிடைக்குமா என்று தெரியவில்லை. இங்கே தோட்டத்து லயத்து வீடுகள் பக்கமே போனில் ஒரு கோடுதான் காட்டுகிறது. அதனால் பேனாவில் எழுதுகிறேன். நம் சபை வாலிபர் சங்கத்து மலரில் இதை அச்சடிக்கப் போகிறார்கள். வாலிபர் சங்கத்தில் நம் இருவருக்கும் 'வால்' மட்டும்தான் பொருந்தும் என்பாயே, அதே சங்கம்தான். உன் அம்மாவிடம் முதலில் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா பொய் மட்டும் எழுதாத" என்றார்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை விடவே இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் போகும் மண் சாலையில் லாரி புதைந்தால் லாரியைத் தள்ளப் போன ஆளும் புதைகிறான். உங்கள் நாய் பாஸ் யாருக்கும் பாஸாக இல்லாமல் வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது. ஆலயத்தில் குடில் கட்டியாகிவிட்டது. போன வருஷம் நீ மூன்றாவது ஞானியின் கையிலிருந்த வெள்ளைப்போளத்தை எடுத்துவிட்டு மைலோ டின்னை வைத்தாய். பாஸ்டர் அதைப் பார்க்காமலே குடிலை ஆசீர்வதித்து ஜெபம் பண்ணினார். இந்த வருஷம் நான் தினமும் போய் அந்த ஞானியின் கையைப் பார்த்தேன். எது இருக்க வேண்டுமோ அதுதான் இருந்தது. அவ்வளவு ஒழுங்கான குடிலைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம், செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் வந்தவன் நீ. வந்துகொண்டிருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். வந்து சேரவில்லை. பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள், மூடியபடியே இறக்கினார்கள். நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை, தெரியுமா? அந்தப் பெட்டிக்குள் நீ இல்லை, இதுவும் உன் சேட்டைதான், ஏதாவது ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டு வருவாய் என்று ரொம்ப நாள் நினைத்தேன். ஆலயத்துக்குப் பின்னால் நடந்தால் இன்னும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

உன் தங்கச்சி ரூபியை அன்றைக்கே பகா ஊரிலிருக்கும் உன் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவளிடம், "அண்ணன் இயேசப்பாகிட்ட போயிருக்கான்" என்றார்கள். அவள் அழவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் பையை வைக்கப் போனாளாம். கல்லறைக்கு அவளை யாரும் கூட்டிப்போகவில்லை.

இனிமேல் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் பிறந்ததும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று இயேசப்பா நம் வீட்டுக்கு வருகிறார், வீட்டையும் மனதையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வதுதான். நமக்கும் சொன்னார்கள். நாம் அந்த நேரத்தில் முன் வரிசைப் பிள்ளைகளின் செலிப்பர் செருப்பை ஒளித்துக்கொண்டிருந்தோம். ரூபி மட்டும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள். ஆராதனை முடிந்து எல்லாரும் பீஹூன் சேமியா வாங்க வரிசையில் நின்றபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெஞ்ச் அண்ணா, இயேசப்பா தனியா வருவாரா, ஆளுங்கள கூட்டிக்கிட்டு வருவாரா?"

பெஞ்சமினை பெஞ்ச் ஆக்கியவன் நீ. அது உன் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. என் வாய் எப்போதாவது சும்மா இருந்திருக்கிறதா? "அவரு பெரிய விஐபி லா. கூட்டத்தோடதான் வருவாரு" என்றேன். அவள் தலையாட்டினாள். கணக்கு சரியாக வந்துவிட்ட பிள்ளையின் முகம். நான் பீஹூனில் மிளகாய் சாஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து உன் அம்மா எங்கள் வீட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். அடக்கத்துக்குப் பிறகு அவர்கள் எங்கேயும் வரவில்லை, ஆலயத்துக்குக்கூட. ஆளே பாதியாகியிருந்தார்கள்.

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் யாரு?"

"நான்தான் ஆண்ட்டி. ஜேம்ஸ் அண்ணன் சொல்லிட்டாரு."

"ரூபி அவன் வருவான்னு இருக்கா. இயேசப்பா வரும்போது அண்ணனையும் கூட்டிக்கிட்டு வருவாருன்னு சொல்றா. தாத்தா வேஷத்துலதான் வருவானாம். போன வருஷம் அவன் கால பாத்துக் கண்டுபிடிச்சிட்டா, இல்ல? அதே நீல செலிப்பரு." வேலியைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ எங்க வீட்டுக்குள்ள வரணும் பெஞ்சமின். ஒண்ணும் பேச வேணாம். அவன் ஆடுற மாதிரி ஆடிட்டுப் போயிரு. காலு தெரியாம பூட்ஸ் போட்டுக்க."

"அப்ப அடுத்த வருஷம், ஆண்ட்டி?"

"அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லா."

பூட்ஸ் வரைக்கும் யோசித்து வைத்திருந்தார்கள். அப்படி யோசித்த அம்மாவிடம் நான் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்? சரி என்றேன். என் வாழ்நாளில் நான் ஒத்துக்கொண்ட சேட்டைகளிலேயே சிரிப்பு வராத சேட்டை அது ஒன்றுதான்.

வேஷப் பை போன கிறிஸ்துமஸிலிருந்து எங்கள் வீட்டில்தான் கிடந்தது. யாரும் துவைக்கவில்லை. பையைத் திறந்ததும் உன் தலையில் தேய்க்கும் ஜெல் வாசனை முதலில் வந்தது, பிறகு வியர்வை, பிறகு நீ. முகமூடியின் ரப்பர் பட்டையில் உன் சின்னத் தலைக்கு ஏற்ற மாதிரி முடிச்சுப் போட்டிருந்தாய். அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. அறுக்க மனம் வரவில்லை. அப்படியே இழுத்து மாட்டினேன். காதுக்குப் பின்னால் இறுக்கியது. உள்ளே மூச்சு விட்டால் அந்த மூச்சு திரும்பி என் முகத்திலேயே அடிக்கும், உனக்குத் தெரியும். அது என் மூச்சு மாதிரி இல்லை.

வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் பவனி சனிக்கிழமை சாயங்காலம். தாமான் குடியிருப்பு வீடுகளை முடித்துவிட்டு லயத்துக்கு வந்தோம். எப்போதும் போல பாட்டுக் கோஷ்டியை நடத்துகிற ஜேம்ஸ் அண்ணன் வேன் ஓட்டினார், டோலக்கும் அவர்தான். நான் ஆடினேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் நாம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததுதான்: சூடான தார் ரோட்டில் கால் வைத்த கோழி ஆட்டம். இடது காலைத் தூக்கி உதறியதும் வீட்டுக்கு வீடு சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு ஆண்ட்டி முறுக்குத் தட்டை நீட்டியபடியே அழ ஆரம்பித்துவிட்டார்கள். முகமூடிக்குள் எனக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூக்கால் சிரிப்பாயே, அந்தச் சத்தம். நான் சிரிக்கவில்லை, ஜோசுவா. சத்தியமாக நான் சிரிக்கவில்லை.

லயத்துக் கோடியில் பாஸ் எழுந்து வந்தது. எந்தத் தாத்தாவைக் கண்டாலும் வெறி பிடித்துக் குரைக்கிற நாய் இல்லையா அது? குரைக்கவில்லை. சிவப்பு அங்கியை முகர்ந்தது. வாலை ஆட்டவும் இல்லை. என் காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தது.

துக்க வீட்டுக்கு நம் சபையில் எப்படிப் போவோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டோலக், டம்பரின் எல்லாம் வேனில் இருக்கும். தாத்தா கேட்டுக்கு வெளியே நிற்பார். வருஷம் திரும்பாத வீட்டில் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் சுடமாட்டார்கள். மற்றவர்கள் மட்டும் உள்ளே போய் மெதுவாக ஒரே ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான். தாத்தா வேஷத்தில் போன வருஷம் எத்தனை கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாய். அப்போது உனக்கு என்ன தோன்றும் என்று கேட்டுவைத்திருக்கலாம்.

நான் கேட்டைத் திறந்தபோது ஜேம்ஸ் அண்ணன் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், துக்க வீடுடா. நீ எங்க போற?"

"ஆண்ட்டி கூப்பிட்டாங்கண்ணா."

"அறிவில்ல உனக்கு? அவங்க அழுகையில எதாச்சும் சொல்லுவாங்க. நீ கேட்டுக்கிட்டு வந்துருவியா?"

உன் அம்மா கதவைத் திறந்தார்கள். "அவன விடுங்க ஜேம்ஸ். தாத்தா மட்டும் உள்ள வரட்டும். நீங்க கொஞ்சம் நில்லுங்க."

உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். ரூபி போன வருஷத்துக் கவுனைப் போட்டிருந்தாள், முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஓடி வரவில்லை. முதலில் என் காலைப் பார்த்தாள். பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று முடிவு செய்த மாதிரி நிமிர்ந்தாள். நான் ஆடினேன். இடது காலை உதறினேன். உன் அம்மா கை தட்டினார்கள். முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாக அவர்கள் முகம் தெரிந்தது. ரூபிக்காகத் தட்டுகிற கை இல்லை அது. அவர்கள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு இல்லாமல் ஆடினால் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மூக்குச் சிரிப்பு இன்னும் பக்கத்தில் வந்தது.

ரூபி என் கையைப் பிடித்தாள். "அண்ணா, இயேசப்பா வெளியவா நிக்கிறாரு? அவரையும் உள்ள கூப்பிடு. மழையில நிக்க வேணாம்."

நான் பேசக் கூடாது. அதுதானே ஒப்பந்தம்.

"அம்மா உன் மெத்தைய மடிச்சு வச்சிட்டாங்க. நான் விரிச்சிட்டேன். ரெண்டு பேருக்கும் இடம் பத்துமான்னு தெரியல. நான் வேணா அம்மாகூட படுத்துக்கிறேன்."

கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். உன் அறையில் உன் மெத்தை. உன் பச்சைப் போர்வை. பக்கத்தில் ஒரு தலையணை உனக்கு, ஒரு சின்னத் தலையணை இயேசப்பாவுக்கு. அவர் குழந்தைதானே, சின்னது போதும் என்று நினைத்திருப்பாள்.

அவள் அன்றைக்கு அந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மறுநாளும் பார்ப்பாள். அடுத்த டிசம்பரில் மறுபடியும் விரிப்பாள். இயேசப்பாவும் சொன்ன மாதிரி வராதவர்களில் ஒருவர் என்று என்றைக்காவது ஒரு நாள் அவளாகவே கணக்குப் போடுவாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. தலையணை வைத்துக் காத்திருக்கிற பிள்ளையிடம் அவரை நான் பொய்யராக்கிவிட்டுப் போகலாமா?

முகமூடியில் கை வைத்தேன். உன் அம்மாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

"வேணாம்பா. பெஞ்சமின், வேணாம்."

பெயரைச் சொல்லிவிட்டார்கள். ரூபி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முடிச்சு முடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வந்துவிட்டது.

"நீ பெஞ்ச் அண்ணன்" என்றாள்.

"ஆமா."

"எங்க அண்ணன் எங்க?"

"செத்துட்டான் ரூபி." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இயேசப்பாகிட்டதான் இருக்கான். அது நெஜம். ஆனா கிறிஸ்துமஸுக்கு இங்க வரமாட்டான். நான்தான் அன்னைக்குச் சும்மா வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"எப்ப வருவான்?"

"அவன் இங்க வரமாட்டான். நம்மதான் ஒரு நாள் அங்க போவோம். ரொம்ப நாள் ஆகும்."

அவள் மெத்தையைப் பார்த்தாள். பிறகு அழுதாள். ஈஸ்டரிலிருந்து அழாத அழுகை அது. உன் அம்மா என்னை அடித்தார்கள். இரண்டு கையாலும் அடித்தார்கள். எல்லா அடியும் அங்கிக்குள் கட்டியிருந்த தலையணைத் தொப்பையில் விழுந்தது. பொத்து பொத்தென்று சத்தம். வேறு நாளாக இருந்தால் நாம் அந்தச் சத்தத்துக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்போம். உன் அப்பாதான் வந்து அவர்கள் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, "நம்ம சொல்லியிருக்கணும் லா" என்றார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பாட்டுக் கோஷ்டி மழையில் நின்றது. உள்ளிருந்து அழுகை கேட்டதால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜேம்ஸ் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டோலக் இல்லாமல், துக்க வீட்டுக்குப் பாடுகிற அந்த மெதுவான பாட்டைக் கேட்டுக்கு வெளியே நின்றே பாடினார்கள். மீதி வீடுகளுக்குத் தாத்தா போகவில்லை.

அதற்குப் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "துக்க வீட்டுல போயி கூத்தடிச்சிட்டான்" என்று ஒரு பக்கம். "பச்சப் புள்ளகிட்ட அப்படியா பட்டுன்னு சொல்லுவாங்க?" என்று ஒரு பக்கம். எங்கள் அம்மா என்னோடு பேசவில்லை. பாஸ்டர் மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதப்பா. எனக்குத் தைரியம் வரல" என்றார். ஜோசுவா, பாஸ்டருக்கும் தைரியம் வராமல் போகும் என்று உனக்குத் தெரியுமா?

நான் செய்தது சரியா? இன்னும் தெரியவில்லை. வேறு நாள், வேறு விதமாக, முன்னாலேயே சொல்லியிருக்கலாம். முகமூடி மாட்டுவதற்கு முன்னாலேயே உன் அம்மாவிடம் முடியாது என்றிருக்கலாம். ஆனால் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தோன்றியது. அந்தத் தொழுவத்தில் கிடக்கிற பிள்ளை வேஷம் போட்டு வரவில்லை. பசித்தால் அழும், ஈரம் பண்ணும், சொந்த முகத்தோடு கிடக்கும். அந்தப் பிள்ளையைக் கும்பிடுகிறவன் நான். அவர் பெயரைச் சொல்லி இன்னொருவன் முகத்தை மாட்டிக்கொண்டு ரூபி வீட்டுக்குள் எப்படிப் போனேன்?

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உன் அம்மா வந்தார்கள். புதுச் சேலை இல்லை. பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். பாடவில்லை, ஆனால் வந்தார்கள். முடிந்ததும் ரூபி நேராக என்னிடம் வந்தாள்.

"அம்மா அண்ணன பாக்கக் கூட்டிக்கிட்டு போறாங்க. நீயும் வரணுமாம்."

அம்மா சொன்னார்களா, அவளே சொன்னாளா என்று கேட்கவில்லை. உன் பெற்றோர், ரூபி, நான் என்று நான்கு பேரும் செம்பனைக்கு நடுவே இருக்கும் கல்லறைக்கு நடந்தோம். தூறிக்கொண்டிருந்தது. உன் மேட்டில் புல் வளர்ந்திருக்கிறது. உன் பெயரை எழுதிய மரச் சிலுவை கொஞ்சம் சாய்ந்திருந்தது, உன் அப்பா நிமிர்த்தினார். ரூபி உன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"மழ பெஞ்சா அண்ணன் நனைஞ்சிருவானா?"

உன் அப்பா, "இல்லம்மா, நனையமாட்டான்" என்று ஆரம்பித்தார்.

"நனைவான்" என்றார்கள் உன் அம்மா. "நனைவான்டா கண்ணு. ஆனா அவனுக்குக் குளிராது. அந்த உடம்புல இப்ப அவன் இல்ல."

ரூபி யோசித்தாள். "அப்ப நமக்கு மட்டும்தான் குளிருதா?"

"ஆமா. நமக்கு மட்டும்தான்."

உன் அம்மா குடையை மடக்கினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு பேரும் நனைந்தபடி நின்றோம். ஜெபம் பண்ணு என்று என்னைச் சொன்னார்கள். நான் சத்தமாக ஜெபித்து நீ கேட்டதே இல்லை. உன் பெயரைச் சொல்லி, "இவன் எங்ககிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. "ஆமென்" என்று உன் அம்மாதான் முதலில் சொன்னார்கள். திரும்பும்போது ஒரு முறை என் தோளில் கை வைத்தார்கள், பிறகு எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமையிலிருந்து உன் சிரிப்பு கேட்கவில்லை. ஆலயத்துக்குப் பின்னால் நடந்து பார்த்தேன். திரும்பிப் பார்த்தேன். செம்பனை மரங்கள் மட்டும் நின்றன. முன்பு அந்தச் சத்தம் கேட்டால் பயமாக இருக்கும். இப்போது கேட்காததுதான் பயமாக இருக்கிறது. ரூபியிடம் சொன்னபோது எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேனா? நீ அதைக் கேட்டுவிட்டுத்தான் போனாயா?

போனால் போ. அவரிடமே இரு. இங்கே ரூபி கேள்வி கேட்பதை நிறுத்தப்போவதில்லை. நேற்று, "செத்தவங்க நம்ம பேசுறத கேப்பாங்களா?" என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு நான் சொல்லும் முதல் நல்ல பதில் அதுதான் என்று நினைக்கிறேன். இனி அவள் என்ன கேட்டாலும், தெரிந்தால் தெரியும் என்றும் தெரியாவிட்டால் தெரியாது என்றும் என் குரலிலேயே சொல்வேன். உன் குரலில் ஒருநாளும் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உயிரோடிருந்தபோது உன்னை ஒருமுறைகூட அண்ணன் என்று கூப்பிடாத உன் தம்பி,
பெஞ்சமின்